மொட்டைமாடியிலிருந்து புழு இறங்கி வந்த நாள்

காலை ஆறரை மணி இருக்கும். மூன்றாம் மாடி மாமி கதவைத் தட்டினார். விரலில் கோலமாவு ஒட்டியிருந்தது. "மேலேருந்து புழு இறங்கி வர்றதுடி. என் வாசல் வரைக்கும் வந்தாச்சு. நீயே வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். மொட்டைமாடிப் படிக்கட்டில் சுவரோரமாக வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. பழுப்பு நிறம், ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், உடம்பு முழுக்க வளையம் வளையமாக. ஒன்று மாமியின் புள்ளிக் கோலத்துக்கு நடுவில் வந்து நின்றிருந்தது. முறத்தையும் துடைப்பத்தையும் எடுத்துவந்து வாரினேன். "குப்பையை வீட்ல சேத்து வச்சா இதுதான் நடக்கும்" என்று மாமி சொன்னது என் காதுக்கு மட்டுமில்லை, அந்த மாடியின் பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

இது 2022 ஜூலையில். சென்னை மடிப்பாக்கத்தில் மூன்று மாடி, 36 வீடு உள்ள அடுக்ககம் எங்களுடையது. வேறு யாரும் முன்வராததால் நான் செக்ரட்டரி ஆகியிருந்தேன். சமையலறைக் குப்பையை மக்கவைத்து உரமாக்க மொட்டைமாடியில் கம்போஸ்ட் போடலாம் என்று கிளம்பியதும் நான்தான்.

அந்த ஆர்வம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்தது. நாள்கணக்கில் புகைந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்த வெயிலில் உள்ளே வெந்துகொண்டிருந்தோம். துவைத்துக் காயப்போட்ட துணியிலெல்லாம் டயர் எரிந்த வாடை. அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் மாநகராட்சியைத் திட்டித் தீர்த்தார்கள், நானும்தான். அப்புறம் ஒருநாள் பாத்திரம் கழுவும்போது, மிஞ்சிய சாம்பாரை கேரி பேக்கில் கொட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த என் கையையே பார்த்தேன். அந்தக் கிடங்கில் புகைவதில் இதுவும் அடக்கம்.

குப்பைமேட்டில் தீப்பிடிக்க யாரும் தீக்குச்சி கிழித்துப் போட வேண்டியதில்லை. காய்த்தோலும் சோறும் காற்றுப் புகாமல் அடியில் புதைந்து அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. மேலே பிளாஸ்டிக்கும் துணியும் கிடக்கின்றன. கோடை வந்தால் போதும். பெருங்குடிக் கிடங்கு 200 ஏக்கருக்கு மேல். அது கிடப்பது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில். அதே சதுப்புநிலம்தான் அந்த 2022-லேயே உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. வடக்கே கொடுங்கையூரில் இன்னொரு கிடங்கு, 300 ஏக்கருக்கு மேல். இரண்டிலும் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலையை எடுத்திருக்கிறார்கள். பயோமைனிங் என்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் நாம் தினமும் கலந்து அனுப்பினால், இங்கே தோண்டியதை வேறு எங்காவது கொட்ட வேண்டியிருக்கும்.

முதலில் நான் செய்தது எடை போட்டுப் பார்த்தது. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்ப்பதற்கென்று வாங்கிய கொக்கித் தராசு ஒன்று வீட்டில் கிடந்தது. ஒரு வாரம் அதில் எங்கள் குப்பையைத் தொங்கவிட்டுக் குறித்துக்கொண்டேன். நான்கு பேர், ஏழு நாள், ஒன்பது கிலோவுக்குப் பக்கம். அதில் ஆறு கிலோவுக்கு மேல் காய்த்தோல், பழத்தோல், தேங்காய்த் துருவலின் சக்கை, காப்பிப்பொடிச் சக்கை, மீந்த சாப்பாடு. பிளாஸ்டிக்தான் அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பிளாஸ்டிக் இடத்தை அடைக்கிறது, கனம் எல்லாம் சமையலறையிலிருந்து வருகிறது. யாராவது என்னிடம் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். அதற்கு முன் எதுவும் வாங்காதீர்கள்.

நானோ வாங்கிவிட்டேன். மூன்றடுக்கு மண்பானை, அப்புறம் இரண்டு பெரிய நீல டிரம், அதில் ஓட்டை போடக் கூலி. முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. எட்டு வீட்டார் சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் கொண்டுவந்து கொட்டினார்கள், கொட்டிக்கொண்டே இருந்தார்கள். தர்பூசணிக் காலம் வேறு. டிரம்முக்கு அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிந்தது. நாற்றம் வந்தது. ஈ வந்தது. அதன் பிறகுதான் புழு.

அந்தப் புழு பிளாக் சோல்ஜர் ஃபிளை என்ற ஈயின் குஞ்சு என்று பின்னால் தெரிந்தது. கடிக்காது. வளர்ந்த ஈ நம் சாப்பாட்டில் வந்து உட்காரும் வகையும் இல்லை. குப்பையை வெகுவேகமாகத் தின்று தீர்ப்பதால் இதைக் காசு கொடுத்து வளர்ப்பவர்களே இருக்கிறார்கள். கூட்டுப்புழு ஆகும் சமயத்தில் ஈரத்தை விட்டுக் காய்ந்த, இருட்டான மூலை தேடி ஊர்ந்துபோகும். அன்று மாமி வாசலைத் தேடிவந்தவை அவைதான். இத்தனையையும் மாமியிடம் சொன்னேன். "அது எந்த ஈயா இருந்தா எனக்கென்ன?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

தப்பு புழுவிடம் இல்லை, ஈரத்தில். கம்போஸ்ட் என்பது ஈரமும் காய்ந்ததும் சேர்ந்து நடக்கிற காரியம். நாங்கள் ஈரத்தை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தோம். ஒரு வாளி காய்த்தோலுக்கு ஒரு வாளி காய்ந்த சருகோ தேங்காய் நார்க்கழிவோ போட வேண்டும். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு எதுவாக இருந்தாலும் வடிகட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஒழுகினால் சருகு போடு, உதிர்ந்தால் தண்ணீர் தெளி. வாரம் இரண்டு முறை கிளறிவிட வேண்டும். நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வைத்து, பத்து நிமிஷம் கழித்து உருவித் தொட்டுப் பார்ப்பேன். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே வேலை நடக்கிறது. கம்பி சில்லென்று வந்தால் ஏதோ கோளாறு. இந்த ஒரு கம்பி கற்றுக்கொடுத்த அளவுக்கு எந்த வீடியோவும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

சருகுக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் நான்கு புங்கமரமும் ஒரு வாதாமரமும் இருக்கின்றன. அதுவரை அந்த இலைகளைக் கூட்டிக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது மூட்டை கட்டி எடுத்துவந்து பார்க்கிங்கில் வைத்துக்கொள்கிறோம்.

இதற்கிடையில் ஒரு மெஷின்காரர் வந்தார். ஈரக்குப்பையை 24 மணி நேரத்தில் உரமாக்கும் மின்சார இயந்திரமாம். விலையைக் கேட்டுக் குழுவே அமைதியானது. ஆனாலும் சிலருக்கு ஆசை. தலைவலி விட்டால் சரி என்ற மனநிலை. மாதிரிக்கு ஒரு பை பழுப்புப் பொடி கொடுத்துவிட்டுப் போனார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதில் ஒரு குத்து எடுத்துக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தபோது புளித்த சோற்று நாற்றமும் மேலே வெள்ளைப் பூஞ்சையும். அது மக்கவே இல்லை, சூட்டில் வறண்டு பொடியாகியிருந்தது, அவ்வளவுதான். அதைச் செடிக்குப் போட்டால் தொட்டியில்தான் அழுக ஆரம்பிக்கும். கிண்ணத்தை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். மூடியைத் திறந்ததும் விவாதம் முடிந்தது.

சட்டப்படி நாங்கள் இதையெல்லாம் செய்ய வேண்டிய கட்டாயம்கூட இருக்கவில்லை. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களை மொத்தக் கழிவு உற்பத்தியாளர்கள் என்றன. எங்கள் 36 வீட்டுக்கும் சேர்த்து 50 கிலோதான் வரும். ஆனால் பிரித்துக் கொடுப்பது என்பது அந்த விதிகளின்படி ஒவ்வொரு வீட்டுக்கும் கடமையாக இருந்தது. மக்கும் குப்பை தனி, மக்காதது தனி, வீட்டிலிருந்து வரும் அபாயக் கழிவு தனி. எங்களில் பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் செய்யவில்லை.

உண்மையில் மல்லுக்கட்டு எல்லாம் இங்கேதான். கம்போஸ்ட் இரண்டு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. பிரிப்பது பிடிபட ஒரு வருஷம் ஆனது.

முதல் கூட்டத்துக்கு வீட்டு உரிமையாளர்களைக் கூப்பிட்டேன். பதினேழு பேர் வந்தார்கள். பச்சை வாளி, நீல வாளி என்று படம் போட்டுக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சமோசா சாப்பிட்டுவிட்டு, அந்தச் சமோசா காகிதத்தையும் சட்னிக் கவரையும் ஒரே கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் வாளிகளைத் திறந்து பார்த்தால் எந்த மாற்றமும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அபராதம் போடலாம் என்றெல்லாம் யோசித்தேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காதான் விஷயத்தை உடைத்தார். "கூட்டத்துக்கு வந்தவங்க யாரும் குப்பையத் தொடவே மாட்டாங்கம்மா. நாங்கதான எடுத்துக் கட்டிக் கீழ கொண்டாறோம். எங்ககிட்ட யாரு சொன்னா?" அவர் எங்கள் அடுக்ககத்தில் மட்டும் ஐந்து வீட்டில் வேலை பார்க்கிறார். அப்படி மொத்தம் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரையும் ஒரு மதியம், வேலை முடிகிற நேரத்தில் பார்க்கிங்கில் உட்கார வைத்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துப் பேசினேன். பேசினேன் என்பதைவிடக் கேட்டுக்கொண்டேன் என்பதுதான் சரி. ஒரு வீட்டில் சிங்குக்கு அடியில் ஒரே ஒரு வாளிக்குத்தான் இடமாம். ஒரு வீட்டில் மக்கும் குப்பை வாளியிலும் கேரி பேக் விரித்தே ஆக வேண்டும் என்று வீட்டம்மா சொல்கிறாராம். பையோடு கொட்டினால் கம்போஸ்ட் எப்படி ஆகும்? பழைய செய்தித்தாளை மடித்து உள்ளே விரித்தால் போதும், அதுவும் சேர்ந்து மக்கிவிடும் என்று அங்கேயே மடித்துக் காட்டினோம். சிங்குக்கு அடியில் இடமில்லாத வீட்டுக்கு ஒரு கொக்கியும் சாக்குப்பையும் மாட்டிக்கொடுத்தோம், காய்ந்த குப்பைக்கு. அந்த வாரமே பாதி வீட்டு வாளிகள் மாறிவிட்டன.

மறுபக்கம் மாநகராட்சிக் குப்பை வண்டி. "வண்டில எல்லாத்தையும் ஒண்ணாத்தானே கொட்டறாங்க, நாம எதுக்குப் பிரிக்கணும்?" இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இல்லை. நானும் கேட்டிருக்கிறேன். பேட்டரி வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவிடமே ஒருநாள் கேட்டுவிட்டேன். கையுறையைக் கழற்றி, ஆள்காட்டி விரலைக் காட்டினார். "சுகர் ஊசி மேடம். தோசமாவு கவருக்குள்ள போட்டுக் கட்டி வச்சிருந்தாங்க. கிளவுஸ தாண்டி ஏறிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கிட்டு வந்தேன். நீங்க பிரிச்சுக் குடுங்க, நான் பிரிச்சுப் போடறேன். கட்டிக் குடுத்தா அவுக்க மாட்டேன்."

எங்கள் அடுக்ககத்தில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் என் மாமனார். அந்த ஊசி எங்கள் வீட்டு ஊசியாகக்கூட இருக்கலாம். அன்றைக்கே காலியான எண்ணெய் பாட்டில் ஒன்றை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊசியெல்லாம் அதற்குள் போகும். நிறைந்ததும் மூடியை இறுக்கி, மேலே "ஊசி" என்று எழுதித் தனியாகக் கையில் கொடுப்போம். உடைந்த கண்ணாடி என்றால் அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டுவது. நாப்கின், டயப்பர் விஷயத்தில் புணேவைப் பின்பற்றினோம். அங்கே குப்பை சேகரிப்பவர்களே நடத்தும் ஸ்வச் என்ற கூட்டுறவு அமைப்பு இருக்கிறது. செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுங்கள் என்று அவர்கள் வீடு வீடாகக் கேட்டார்கள். புள்ளியைப் பார்த்தாலே பிரிக்காமல் தனியே வைத்துவிடலாம். ஒரு ஸ்கெட்ச் பேனா செலவுதான். ஆனால் எங்களுக்கு அதைக் கேட்டு வாங்கவே மூன்று மாதம் பிடித்தது. ஆண்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நாப்கின் என்ற சொல்லை எழுதக் கூச்சப்பட்டோம், நான் உட்பட.

காய்ந்த குப்பையில் ஒரு பணத் தகராறும் வந்தது. பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில், எண்ணெய் டின் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. இதை விற்று அசோசியேஷன் கணக்கில் சேர்க்கலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டார். வண்டி அம்மா அதைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார், "அது எங்க டீக்காசு மேடம்." அதோடு அந்தப் பேச்சை நிறுத்தினோம். அட்டையும் பாட்டிலும் அவருக்கு, பால் கவரும் பேப்பரும் வாட்ச்மேனுக்கு என்று பேசி முடித்தோம். தினமும் காலையில் வாளிகளைத் திறந்து பார்க்க வாட்ச்மேன் அண்ணாவுக்கு மாதம் 1,500 ரூபாய் மெயின்டனன்ஸிலிருந்து போகிறது. கலந்திருந்தால் வாளியை எடுக்காமல் அப்படியே வைத்துவிடுவார். திட்ட மாட்டார், எதுவும் சொல்லவும் மாட்டார். சாயங்காலம் வீடு திரும்பும்போது உங்கள் வாளி மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அபராதம்கூட அந்த அளவுக்கு வேலை செய்திருக்காது.

விலையே இல்லாத சாமான் ஒன்று உண்டு. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே. பல அடுக்கு ஒட்டிச் செய்த பிளாஸ்டிக், கடைக்காரர் தொடவே மாட்டார். காய்ந்த நிலையில் தனியாகப் போய்ச் சேர்ந்தால் சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகவாவது பயன்படும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது அதில் இந்தப் பாக்கெட்டுகள் சேரவில்லை. கேரி பேக்கைத் தடுத்தாலும் அது பூக்காரரிடமும் மீன்கடையிலும் இன்னும் கிடைக்கிறது. நான் மீன் வாங்க எவர்சில்வர் தூக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். எங்கள் அம்மா அப்படித்தான் போனார். அவர் அதை விழிப்புணர்வு என்று சொல்லிக்கொண்டதில்லை.

மறு வருஷம் குடும்பத்தோடு ஆலப்புழா போனோம். எல்லோரும் படகுவீட்டைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, நான் தெருவோரம் இருந்த கம்போஸ்ட் கொட்டகையைப் படம் பிடித்தேன். 2012-ல் சர்வோதயபுரம் கிடங்குக்கு வந்த லாரிகளை ஊர்மக்கள் மறித்ததும், நகரத்துக் குப்பைக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. அந்த நெருக்கடியில்தான் வீட்டிலும் தெருவிலுமே மக்கவைக்கும் ஏற்பாட்டுக்கு அவர்கள் வந்தார்கள். தும்பூர்முழி முறை என்கிறார்கள். நாலுக்கு நாலு அடி, நாலடி உயரம், சுற்றிலும் காற்றுப் புக இடைவெளி விட்ட தொட்டி. அடியில் சாணம், மேலே காய்ந்த இலை, அதன்மேல் குப்பை, மறுபடி சாணம், இலை. நிரம்பியதும் 90 நாள் தொடாமல் விட்டால் உரம். கிளறும் வேலை இல்லை. எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. திரும்பி வந்து பார்க்கிங் மூலையில் செங்கலை இடைவெளி விட்டு அடுக்கி, சிமென்ட் ஷீட் கூரை போட்டு, அப்படி மூன்று தொட்டி கட்டினோம். தெருமுனையில் மாடு வைத்திருப்பவரிடம் சாணம். மொட்டைமாடி டிரம்கள் ஓய்வு பெற்றன. மாமிக்கு நிம்மதி.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். மூன்று தொட்டியும் முழுகி, ஆறு மாத உரம் கரைந்து தெருவோடு போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் தெரு முழுக்க ஊறிப்போன மெத்தையும் சோபாவும் மலைபோல். எத்தனை வாளி வைத்துப் பிரித்தாலும் அந்த ஒரு வாரக் குப்பைக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று தோன்றியது. ஜனவரியில் தரையிலிருந்து மூன்றடி மேடை கட்டி அதன்மேல் மறுபடி அடுக்கினோம். மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கம் தொட்டி கட்டுகிறவர்கள் முதலிலேயே மேடையைக் கட்டிவிடுங்கள்.

இப்போது 36-ல் முப்பது வீடு ஒழுங்காகப் பிரிக்கிறது. நான்கு வீட்டில் வாடகைக்கு ஆள் மாறும்போதெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வீட்டை நான் கைகழுவிவிட்டேன்.

இரண்டாம் மாடியில் போன மாதம் ஒரு குழந்தை பிறந்தது. சிவப்புப் புள்ளி வைத்த பொட்டலம் தினமும் ஏழெட்டு வருகிறது. மாமி அதைக் கவனித்துவிட்டார். "எங்காத்துல பழைய பருத்தி வேஷ்டி நாலு கிழிச்சு மடிச்சு வச்சிருக்கேன். அந்தப் பொண்ணுகிட்ட குடேன். எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்றார். வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. ராத்திரி நாலு தரம் எழுந்திருக்கும் பெண்ணிடம் போய், துணியை அலசிக் காயப்போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் வீட்டுக்காரனிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.